பூம்பாறைச் சரிவும் முதல் வருஷப் பாடமும்

பூம்பாறையில் பூண்டு வயல்களுக்கு எதிரே உட்கார்ந்து, ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் அக்கா மகன் படம் போட்டுக்கொண்டிருந்தான். முதலில் அடிவானக் கோடு. அப்புறம் மறையும் புள்ளி. படிக்கட்டு வயல்கள் அந்தப் புள்ளிக்குள் போய்ச் சேர மறுத்தன. ஒன்றின்மேல் ஒன்றாகத் தாளின் மேல் விளிம்புவரை ஏறிக்கொண்டே போயின. "தப்பா வருது மாமா" என்றான். தப்பு வயலில் இல்லை என்று எனக்குப் பட்டது.

1850ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது சென்னைக் கலைப் பள்ளி. அங்கே படித்து, 1957ல் அதன் முதல்வருமான கே.ஸி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அடிவானத்தையே கைவிட்டார். கட்டங்கள், எழுத்துப்போல் தோன்றும் கிறுக்கல்கள், ஜாதகச் சக்கரங்கள். பாங்கில் பேரேடு எழுதும் எனக்கு அவற்றோடு உடனே பரிச்சயம் ஏற்பட்டுவிட்டது. (இது விமர்சன அளவுகோல் ஆகாதுதான்.) தளம் தளமாகவே இருக்கிறது. ஆழம் இருப்பதான பாவனை இல்லை.

பையனுக்குப் பணிக்கர் தெரியும். கலை வரலாற்றுத் தாளில் ஐந்து மார்க் கேள்வி. காலையில் ஸ்டூடியோவில் மறையும் புள்ளி, பிற்பகலில் அதை நிராகரித்தவரின் பெயரும் வருஷமும். நடுவே சாப்பாடு மட்டும். பணிக்கர் செய்தது, காலைப் பாடத்தின்மேல் எழுப்பிய கேள்வி என்று சொல்ல ஆளில்லை. பெர்ஸ்பெக்டிவ் வேண்டாம் என்பதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸில் ப்ரூனலெஸ்கியும் ஆல்பர்ட்டியும் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது, கண்ணின் சுபாவம் அல்ல என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சொன்னேன். அடுத்த தாளில் அடிவானம் இல்லாமல் ஆரம்பித்தான். குழந்தை வேலப்பர் கோயிலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.