கொலைக்களக் காதையில் காவலரின் ஐயமும் விசாரணையற்ற தீர்ப்பும்

கோவலன் கொலையை ஊழ்வினையின் விளைவாகக் கொள்வதே சிலப்பதிகார ஆய்வுகளில் பெருவழக்கு. பதிகமும் அதற்கு இடந்தருகிறது. ஆயினும் கொலைக்களக் காதை, தீர்ப்பு உருவான முறையை ஊழுக்கு விட்டுவிடாமல் படிப்படியாகக் காட்டுகிறது.

அரசன் ஆணையிட்ட இடம் அவையன்று. ஊடிய தேவியை நாடிச் செல்லும் வழி. மதுரையில் அறங்கூறவையம் இருந்ததை மதுரைக்காஞ்சி கூறும். இவ்வழக்கு அங்குச் செல்லவில்லை. சிலம்பு கையில் இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. அது எவ்வாறு வந்தது எனக் கோவலனைக் கேட்போர் இல்லை.

இதனினும் கருதத்தக்கது காவலரின் உரையாடல். கோவலனைக் கண்டதும் இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். (அவ்வையமும் தோற்றத்தால் எழுந்ததே, சான்றால் எழுந்ததன்று.) ஜூரி விசாரணையில் நியாயமான ஐயம் குற்றம் சாட்டப்பட்டவருக்கே பயன்பட வேண்டும். இங்கோ பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். இளங்காவலன் ஒருவன், தான் முன்பு இரவில் எதிர்ப்பட்ட வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். இரண்டும் கள்வர் பொதுவைப் பற்றியன. கோவலனுக்கு எதிரான சான்று ஒன்றேனும் அவற்றில் இல்லை. இனிச் செய்வது யாது என்னும் அவ்விளையோன் வினாவுக்கு எவரும் விடை கூறுமுன்னரே, கல்வியறிவற்ற, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தீர்ப்பு எய்தப்படவில்லை; கலந்துரையாடல் இடையில் அறுக்கப்பட்டது.

வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், தன்னுடையது முத்து என்று பாண்டியன் உடனே கூறுகிறான். கொலைக்கு முன்பே அவன் அறிந்திருந்த அடையாளம் அது. காவலரிடம் அதைச் சொல்லி ஒத்துப்பார்க்கச் செய்யவில்லை.