தேக்காச் சுவர்களை வரைந்த கைகள்

சிங்கப்பூர்த் தமிழர் தேக்கா என்றே சொல்லும் லிட்டில் இந்தியாவில், பெலிலியோஸ் சந்துக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கப் பழைய பிழைப்புகள். கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், கச்சாங் பூத்தே கடலை விற்பவர் என்று ஓவியர் சைஃபூல் வரைந்து வைத்திருக்கிறார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஜாக்ஸ்டன் சூ குதிரைகளை ஓடவிட்டார். 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயத் திடல் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. யூனிஸ் லிம் வரைந்தவை மாடுகள். ரொச்சோர் ஆற்றின் தண்ணீரையும் புல்லையும் நம்பி இங்கே மாட்டு வியாபாரம் செழித்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் அதில் பெரும்புள்ளி.

எனக்கு மிகவும் பிடித்தது ஹிந்து ரோட்டு ரஜினிகாந்த். ‘ஸீரோ’ என்ற பெயரில் இயங்கும் முகமது சுல்கர்னைன் ஓத்மான் வரைந்தது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவரை உழைப்பாளிகளின் நாயகனாக ஒரு மலாய்க் கலைஞர் தமிழர் தெருவில் நிறுத்தியிருக்கிறார்.

சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் சேர்ந்து 2015இல் தொடங்கிய ‘ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா’ விழாதான் இவற்றில் பலவற்றுக்கு வழி திறந்தது. ஓவியர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் சீனப் பெயர்களும் மலாய்ப் பெயர்களுமே அதிகம் வரும். தமிழர் வாழ்வைத் தமிழரல்லாதார் வரைந்ததில் எனக்கு வருத்தமில்லை. நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாதவை அண்டை வீட்டாருக்குப் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் அந்தப் பார்வைக்கு ஓர் எல்லையும் உண்டு. மறைந்துபோன தொழில், மயில், நாட்டியக்காரி என்று அழகானவற்றிலேயே அது நின்றுவிடுகிறது.

சுவரோவியம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சிராங்கூன் ரோட்டுக்கு வண்ணம் தந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் குடமுழுக்கு வரும்போதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள். சாரத்தில் ஏறி, சிதைந்த சுதைச் சிற்பத்தின் விரலை, மூக்கை, மாலையைத் திருத்தி, சுண்ணம் பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். கண் திறப்பது கடைசியில்தான். பெருமாள் கோயிலில் 2018இல் நடந்த குடமுழுக்குக்கும் இப்படித்தான் வேலை நடந்தது. பொதுக்கலை பற்றிய எந்தப் பேச்சிலும் இவர்கள் பெயர் வருவதில்லை. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மறுபடி சுவரோவியத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் சுவரைத் தொட முடியாது. 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டம் பிரம்படி வரை போகும். ‘மை கிராண்ட்ஃபாதர் ரோட்’ என்று சாலையில் அச்சுப் பதித்த சாம் லோ 2012இல் கைதானார். மறு ஆண்டு 240 மணி நேரச் சமூக சேவை தண்டனையாகக் கிடைத்தது. பிற்பாடு அதே கலைஞரை அழைத்துச் சுவர் வரையச் சொன்னார்கள். கணக்காளர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரான இப் இயூ சோங், சைனாடவுனிலும் தியோங் பாருவிலும் தம் பால்யத்தையே சுவர்களில் வரைந்தார். மக்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் படம்போல ஏற்றுக்கொண்டார்கள்.

2024இல் நடந்தது வேறு மாதிரி. மாரியம்மன் கோயில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அமெரிக்க ஓவியர் ஷான் டன்ஸ்டன் சம்சுய் பெண் ஒருத்தியை வரைந்தார். அவள் விரலிடையில் சிகரெட். புகார் கிளம்ப, அந்தச் சிகரெட்டை அகற்றச் சொல்லி நகர மறுசீரமைப்பு ஆணையம் கேட்டது. ஊரே விவாதித்தது, கடைசியில் ஓவியம் அப்படியே நின்றது. முன் அனுமதி பெறாததற்குக் கட்டட உரிமையாளருக்கு அபராதம் விழுந்தது.

சம்சுய் பெண்கள் சீனாவிலிருந்து வந்து மண்ணும் கல்லும் சுமந்து இந்த நகரைக் கட்டியவர்கள். இன்று அந்த வேலையைச் செய்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். ஞாயிறு மாலை தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது. பணம் அனுப்பும் கடை வாசலிலும் புல்தரையிலும் அவர்கள்தான். நான் பார்த்த சுவர்களில் கிளி ஜோசியருக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சுவர் இவர்களுக்கு வேண்டும், இவர்கள் உயிரோடு இங்கே இருக்கும்போதே. அதை வரைபவர் சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, அந்தப் புல்தரையில் சில ஞாயிறுகளாவது அவர்களோடு உட்கார்ந்து பேசியவராக இருக்கட்டும்.