ரெபேக்கா: ஒரு தோட்டா குறைந்தால் என்ன ஆகும்?

முதலிலேயே சொல்லிடறேன், கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதை எழுத முடியாது. படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கலாம்.

டாஃப்னி டு மோரியே 1938-ல் எழுதிய 'ரெபேக்கா' நாவலை ஹிட்ச்காக் 1940-ல் படமாக எடுத்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். மனைவியை இழந்த பணக்காரன் மேக்சிமைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு இளம்பெண் மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். அவளுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. இறந்துபோன முதல் மனைவி ரெபேக்காவின் நினைவும், அவளிடம் விசுவாசமாக இருந்த டான்வர்ஸ் அம்மாளும் சேர்ந்து இவளை வதைக்கிறார்கள்.

நாவலில் ரெபேக்காவை மேக்சிம் சுட்டுக் கொல்கிறான். படத்தில் அவள் தகராறின்போது தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி, மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பிக்கக் கூடாது. அதனால்தான் இந்த மாற்றம்.

இதனால் மேக்சிம் நல்லவனாகிவிட்டான் என்று பலரும் சொல்வாங்க. எனக்கென்னவோ அதிகம் இழந்தது கதாநாயகிதான்னு படுது.

'இப்போ இந்த வீட்டுக்காரி நான்தான்' என்ற அர்த்தத்தில் அவள் டான்வர்ஸிடம் நிமிர்ந்து பேசும் இடம் இரண்டிலும் உண்டு. படத்தில் அது மேக்சிம் உண்மையைச் சொல்வதற்கு ரொம்ப முன்னாடியே வந்துவிடுகிறது. பயந்த பெண்ணுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கு, அவ்வளவுதான். நாவலில் அது வாக்குமூலத்துக்கு மறுநாள் வருகிறது. கணவன் கொலைகாரன் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு முதுகெலும்பே முளைக்கிறது! அவன் கொன்றது அவளுக்கு அதிர்ச்சியாக இல்லை. ரெபேக்காவை அவன் நேசிக்கவே இல்லை என்பதுதான் பெரிசாகத் தெரிகிறது. அந்த நிம்மதியில் கொலையை மறைக்கவும் துணைபோகிறாள்.

படத்துக்கும் ஒரு வெற்றி உண்டு. மேக்சிம் நடந்ததைச் சொல்லும்போது ஹிட்ச்காக் ஃபிளாஷ்பேக் போடவில்லை. ரெபேக்கா அன்று நடந்த வழியில், காலி அறைக்குள் கேமரா மட்டும் நகர்கிறது. ஆளே இல்லாமல் ஆளைக் காட்டுவது எழுத்தால் இப்படி முடியாது. ஆனால் கடைசியில் பழி முழுக்க டான்வர்ஸ் தலையில் விழுந்து, தீயோடு தீயாக எரிந்துவிடுகிறது. நாம் நிம்மதியாக எழுந்து போகலாம்.

நாவல் அப்படி விடாது. மேக்சிம் மாட்டிக்கக் கூடாதே என்று நாமும் பதறிக்கொண்டே பக்கம் புரட்டுவோம். கொலையானவள் பக்கம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையே என்பது புத்தகத்தை மூடினப்புறம்தான் உறைக்கும். அந்த உறுத்தலைத்தான் படம் எடுத்துவிட்டது.