பன்னிரண்டாம் நாள்

கவிதை யுத்தத்தை நிறுத்துமா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நிறுத்தும் என்பது மேடைக் கவிஞர்களின் பதில். நிறுத்தாது, அது அதன் வேலையும் அல்ல என்பது சிறுபத்திரிகைக்காரர்களான நமது பதில். முதலாவது பொய். இரண்டாவது பொய் அல்ல. ஆனால் யோசித்துச் சொன்னதும் அல்ல. மைக்கேல் லாங்லியின் ‘போர்நிறுத்தம்’ கவிதையைச் சமீபத்தில் மறுபடி படித்தபோது நம்முடைய இந்தச் சௌகரியம் உறுத்தியது.

லாங்லி பெல்ஃபாஸ்ட்காரர், 2025 ஜனவரியில் இறந்தார். 1994 ஆகஸ்ட் 31-ல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 3-ல், இந்தக் கவிதை ‘ஐரிஷ் டைம்ஸ்’ தினசரியில் வந்தது. பதினாலே வரிகள். வட அயர்லாந்து பற்றி ஒரு சொல் கிடையாது. இலியட்டின் 24-ம் காண்டம்: கிழவன் பிரையம் தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, அவனைக் கொன்ற அக்கிலீஸின் கூடாரத்துக்கு வருகிறான். இருவரும் அழுகிறார்கள், உடல் கழுவப்படுகிறது, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஹோமரில் பிரையம் உள்ளே வந்ததுமே கொலைகாரனின் கையை முத்தமிட்டுவிடுகிறான். லாங்லி அந்தச் செய்கையை எடுத்துக் கடைசி இரண்டு வரிகளில் வைக்கிறார். கவிதையின் பலம் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான். முதலில் நடந்தது கடைசியில் சொல்லப்படும்போது, மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்த விலையாக அது தெரிகிறது.

விலையைக் கொடுப்பவன் யார்? மகனை இழந்தவன். கொன்றவன் தருவது உடலை மட்டும். வட அயர்லாந்துச் சண்டையில் முப்பது வருஷங்களில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் சாதாரண ஜனங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய் மண்டியிடு என்று சொல்லக் கவிஞனுக்கு என்ன பாத்தியதை? லாங்லி அப்படிச் சொல்லவில்லை, பிரையம் செய்ய நேர்ந்ததைத்தான் சொல்கிறார் என்று வாதாடலாம். ஆனால் ஸானெட்டின் கடைசி ஈரடிக்கென்று ஒரு குணம் உண்டு. ஓசை முடியும்போது விவகாரமும் முடிந்துவிட்டதாக அது நம்ப வைக்கிறது. வேறு வழியில்லாமல் செய்தது, அருளால் செய்ததாக ஒலிக்கிறது.

ஹோமரிடம் இந்த இதம் இல்லை. உடலைப் பிரையம் கண்ணில் படாமல் கழுவச் சொல்கிறான் அக்கிலீஸ். மகனைப் பார்த்துக் கிழவன் கோபப்பட்டால், தானும் கோபப்பட்டு அவனைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். சமாதான ஏற்பாடு என்பது இதுதான்: தன்னையே நம்பாதவன் செய்யும் முன்ஜாக்கிரதை. பிறகு, எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழுவதற்கு, பத்தாம் நாள் ஈமக்கடன், பதினொன்றாம் நாள் சமாதி மேடு. பன்னிரண்டாம் நாள், வேண்டியிருந்தால், சண்டை. லாங்லி இந்தக் கணக்கை விட்டுவிட்டார். சரித்திரம் விடவில்லை. 1996 பிப்ரவரி 9-ல் லண்டன் துறைமுகப் பகுதியில் குண்டு வெடித்தது. மறுபடி போர்நிறுத்தம் வர 1997 ஜூலை ஆயிற்று. கவிதையின் தலைப்பு மட்டும் இதை முன்பே அறிந்திருக்கிறது. அது ‘சமாதானம்’ அல்ல.

நமக்குத் தெரிந்த தூதுக் கவிஞன் வேறு மாதிரி. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே அடைபட்டிருப்பவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். கோவூர் கிழாரின் பாட்டில், புறநானூற்றின் 45-ம் பாட்டில், கண்ணீர் இல்லை, மன்னிப்பு இல்லை. எதிரி சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை; இருவர் தலையிலும் ஆத்திதான். எவன் தோற்றாலும் நஷ்டம் ஒரே குடிக்கு. லாபம் வேடிக்கை பார்க்கும் மற்ற ராஜாக்களுக்கு. கணக்கர் பேச்சு, யாரையும் மண்டியிடச் சொல்லாத பேச்சு. ஆனால் 47-ம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்ற அடைமொழியோடு குறிக்கிறது. செத்த இடம் பெயரில் ஒட்டிக்கொண்டது. இங்கேயும் ஒரு பன்னிரண்டாம் நாள் இருந்திருக்க வேண்டும்.

1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான ஒப்பந்தம் கோவூர் கிழாரின் வழியில் வந்தது. அதன் உரைநடை வறண்டது. வட அயர்லாந்துக்காரர் தம்மை பிரிட்டிஷ் என்றோ, ஐரிஷ் என்றோ, இரண்டுமாகவோ கொள்ளலாம். பெரும்பான்மைச் சம்மதம் இல்லாமல் பிரதேசத்தின் அந்தஸ்து மாறாது. ஆயுதங்களைக் கைவிடுவது பற்றிய வாக்கியங்களை இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியபடி படிக்கலாம், ஐ.ஆர்.ஏ. ஆயுதங்கள் ஒழிய 2005 ஆயிற்று. ஒப்பந்தத்துக்கே இரண்டு பெயர்கள். பலருக்குப் பெரிய வெள்ளி ஒப்பந்தம், யூனியனிஸ்டுகளில் பலருக்கு பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம். கவிதையில் மயக்கம் அர்த்தத்தைக் கூட்டுகிறது. ஒப்பந்தத்தில் அது அர்த்தத்தை ஒத்திப்போடுகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஓமாவில் குண்டு வெடித்து 29 பேர் செத்த பிறகும் ஒப்பந்தம் நின்றது.

என் கவுண்டருக்கு ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் முடிக்க முடிகிற கணக்கு. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாரத்தை நான்தான் இரண்டு பக்கமும் நகர்த்தினேன். போட்டுவிட்டு, ஒருவர் படியிறங்கும் வரை மற்றவர் காத்திருந்து போனார். அன்று அங்கே உறவு திரும்பவில்லை. ஆனால் கணக்கு முடிந்தது. இதைக் கவிதையாக எழுதினால் கடைசி வரியில் கட்டிப்பிடித்துக்கொள்ள வைத்துவிடுவோம் என்ற பயம் எனக்கு உண்டு.

அப்படியானால் கவிதைக்கு மிச்சம் என்ன? 1999-ல் பிரிட்டிஷ், ஐரிஷ் அரசுகள் ஒரு கமிஷன் அமைத்தன. ஐ.ஆர்.ஏ. போன்ற அமைப்புகள் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்களின் எச்சங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. தகவல் தருபவர் பெயர் வெளிவராது. அந்தத் தகவல் கோர்ட்டில் சாட்சியமாகாது. தண்டனையை விட்டுக்கொடுத்து உடலை வாங்கும் பேரம். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட ஜீன் மெக்கான்வில் பத்துக் குழந்தைகளின் தாய். உடல் கிடைத்தது 2003-ல். பிரையம் ஒரே ராத்திரியில் பெற்றதை அந்தப் பிள்ளைகள் முப்பது வருஷம் கழித்துப் பெற்றார்கள். கமிஷனின் சட்டத்தை எழுதியவர்கள் ஹோமரைப் படித்திருக்கத் தேவையில்லை. எதை முதலில் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

2009-க்குப் பிறகு ஈழத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்து நாம் எழுதியவற்றை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கிறேன். துக்கம் இருக்கிறது, படிமம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார்கள் கேட்டது ஒரே கேள்விதான்: எங்கே? அந்தக் கேள்வி நம் கவிதைகளில் எத்தனையில் இருக்கிறது? லாங்லியின் முத்தத்தை நான் சந்தேகிக்கிறேன். ஆனால் அவர் உடலை மறக்கவில்லை. அது கழுவப்பட்டு, கிழவன் எடுத்துச் செல்லத் தயாராக, கவிதையின் நடுவில் கிடக்கிறது.