எட்டயபுரத்து வழியும் காயல்பட்டினத்து வழியும்

மணியாச்சி என்றால் 1911 ஜூன் 17-ம், ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அந்த ரயில் சந்திப்பை நடுவில் வைத்துப் பார்த்தால் இன்னொரு வரலாறும் தெரியும். வடக்கே, கம்பும் பருத்தியும் விளையும் கரிசலில் எட்டயபுரம். உமறுப் புலவர் அடங்கிய ஊர். தெற்கே, திருச்செந்தூர் ரயில் பாதையில் காயல்பட்டினம். அரபு அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோன்றிய கடற்கரை ஊர். அரபு மொழியோடு தமிழ் எப்படி உறவாடுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஊர்களும் இரண்டு பதில்களை வைத்திருக்கின்றன. ஒன்று, அரபுக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்குவது. மற்றது, தமிழையே அரபு எழுத்தில் எழுதுவது. அரபுத்தமிழ் என்று பெயர் பெற்ற அந்த இரண்டாவது வழக்கத்தை இன்று சிலர் வானளாவப் புகழ்கிறார்கள், பலர் கேள்விப்பட்டதே இல்லை. நிறைகுறைகளை நிதானமாக எடைபோட்டவர்கள் குறைவு.

முதல் வழியை முதலில் பார்த்துவிடலாம். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் உமறு. வள்ளல் சீதக்காதியின் விருப்பப்படி நபிகளின் வரலாற்றைப் பாடத் தொடங்கினார். 17-ஆம் நூற்றாண்டில் உருவான சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்டது. அரபுப் பெயர்கள் அதில் தமிழ் இலக்கணத்துக்குப் பணிந்து நிற்கும்: உமர் உமறு ஆவார், இப்ராஹீம் இபுறாகீம் ஆவார், ரசூல் இறசூல் ஆவார். நாட்டுப் படலத்தில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளைகிறது. மக்காவில் ஏது வயல் என்று கேட்பவர்கள் உண்டு. எட்டயபுரத்திலும்தான் ஏது? கரிசலில் வாழ்ந்த கவிஞர் தம் ஊரையும் பாடவில்லை, அரபு நாட்டையும் பாடவில்லை. கம்பன் வழிவந்த காப்பிய மரபின் மருதத்தைப் பாடினார். அந்த மரபுக்குள் நுழைவதற்கான கட்டணம் அது.

மரபுவழிக் கதை ஒன்று உண்டு. நபிகளின் வரலாற்றுச் செய்திகளைக் கேட்டு, காயல்பட்டினத்தில் பிறந்த அரபு மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் உமறு போகிறார். அரண்மனைப் புலவரின் கோலத்தில் வந்தவரைப் பார்த்து அவர் மறுத்துவிடுகிறார். பிறகு கனவு, மனமாற்றம், பரங்கிப்பேட்டையில் உதவி என்று கதை சுபமாக முடிகிறது. நடந்ததோ இல்லையோ, ஓர் உண்மை இதில் பதிந்திருக்கிறது. அரபுச் செய்திகளின் திறவுகோல் ஆலிம்கள் எனப்படும் மார்க்க அறிஞர்கள் கையில் இருந்தது. தமிழில் எவ்வளவு பெரிய புலவரானாலும் அவர்களிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்க வந்தவர் அணிந்த உடையே அவர் யார் என்பதைத் தீர்மானித்தது.

உமறுவின் வழி தமிழின் பொதுச் சபையில் இடம் பிடித்தது உண்மை. இன்றும் பள்ளிப் பாடநூலில் மானுக்குப் பிணை நின்ற படலம் படித்த பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆனால் சந்தையில் துணி விற்ற மரைக்காயருக்கோ, வீட்டில் இருந்த அவர் மனைவிக்கோ அந்த விருத்தங்கள் எவ்வளவு எட்டியிருக்கும்? உரை சொல்லப் புலவர் ஒருவர் வேண்டும். தொழுகையின் விதி, நோன்பின் விதி, சொத்துப் பங்கு போன்றவற்றுக்குக் காப்பியம் உதவாது.

அந்த இடத்தில்தான் அரபுத்தமிழ் வருகிறது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். எ, ஒ ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள். மலபாரில் அரபி மலையாளம் இதே முறையில் வளர்ந்தது. கோழிக்கோடு காஜி முஹம்மதின் முஹ்யித்தீன் மாலை 1607-லேயே வந்துவிட்டது. மலாய்க்கு ஜாவி எழுத்து. கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலியும் அரபு எழுத்தில்தான் நூற்றாண்டுகள் வாழ்ந்தது. ஆகவே இது கடற்கரை முஸ்லிம்கள் தனியே கண்டுபிடித்த விசித்திரம் அல்ல, இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவியிருந்த ஒரு பழக்கத்தின் தமிழ்க் கிளை.

இதன் முதல் நன்மை, படிக்கத் தெரிந்தவர் எண்ணிக்கையைப் பெருக்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் போகாத பெண்ணும் குர்ஆன் ஓதும் பள்ளிக்குப் போயிருப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அரபு எழுத்து. தெரிந்த ஒரே மொழி தமிழ். இரண்டையும் சேர்த்துவிட்டால் அவள் வாசகி. இரண்டாவது நன்மை ஒலி பற்றியது. அரபியில் இதயத்துக்கும் நாய்க்கும் ஒரு மெல்லிய ககரம்தான் வித்தியாசம். தமிழ் எழுத்தில் இரண்டும் 'கல்பு'. பிரார்த்தனையில் அந்தக் குழப்பத்தை எந்த ஆலிமும் பொறுக்க மாட்டார். தமிழ் வாக்கியத்தின் நடுவே அரபுச் சொல்லை அதன் அசல் எழுத்திலேயே வைக்க இந்த முறை இடம் கொடுத்தது.

மூன்றாவது, உரைநடை. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) மார்க்கச் சட்டத்தை, எளிய மக்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதினார். தமிழ் உரைநடை தன் நடையைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கல்லச்சில் வந்த அந்த நூல்களைத் தமிழ் உரைநடை வரலாறு கண்டுகொள்ளவில்லை. வீரமாமுனிவர், ஆறுமுக நாவலர் என்று வழக்கமான படிகளிலேயே ஏறி இறங்குகிறது.

அதற்குப் பழி யாரைச் சேரும்? பாதிக்குமேல் அந்த எழுத்தையேதான். அடுத்த தெருவில் இருந்த சைவப் பிள்ளையோ, கோவில்பட்டிச் சந்தையில் இருந்த நாடாரோ அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. மொழி பொது, எழுத்து தனி. மதில் கட்டிய வீட்டுக்குள் விளைந்த தோட்டம் அது. சமூகத்தின் உள்ளே வாசகரைப் பெருக்கிய அதே எழுத்து, வெளியே ஒரு வாசகரையும் சேர்க்கவில்லை. உமறுவைப் பிற சமயத்தாரும் படித்தார்கள்; இமாமுல் அரூஸைப் படிக்கவில்லை. எழுதும் முறையிலும் ஒழுங்கு போதாது. ஒரே ஒலிக்கு ஆளுக்கொரு புள்ளி வைப்பார்கள். ந, ன வேறுபாடும் ர, ற வேறுபாடும் பல இடங்களில் ஊகத்துக்கு விடப்படும். பேச்சில் வளர்ந்தவர் வாசித்துவிடுவார், புதியவர் தடுமாறுவார்.

இன்று சிலர் இதை 'அர்வி' என்று தனி மொழியாகவே கொண்டாடுகிறார்கள். பெருமிதம் புரிகிறது, வாதம் நிற்காது. வினைமுற்றும் வேற்றுமை உருபும் தமிழாக இருக்கும்போது எழுத்து மாறியதால் மட்டும் மொழி மாறிவிடாது. துருக்கியர் 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்குப் போனார்கள்; அதனால் துருக்கி மொழி செத்துப் புது மொழி பிறக்கவில்லை. இன்னொரு கோரிக்கை, இமாமுல் அரூஸ் 1858-ல் எழுதியதாகச் சொல்லப்படும் 'மதீனத்துந் நுஹாஸ்'தான் தமிழின் முதல் நாவல் என்பது. 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை முந்துகிறதாம். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தாமிரப் பட்டணத்துக் கதையின் மறுகூறல் அது. நாவல் என்னும் பட்டத்துக்காக வரிசையில் நிற்பதைவிட, ஒரு ஆலிம் கதை சொன்ன உரைநடை எப்படி இருந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

அடையாளப் பேச்சு கடல் கடந்தால் இன்னும் கூர்மையாகும். இலங்கை முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1880-களில் வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-ல் மறுப்பு நூல் வெளியிட்டார்: வம்சம் அரபு, பேச்சு மட்டும் தமிழ். சட்டசபையில் யாருக்கு எத்தனை இடம் என்ற கணக்கும் அந்தச் சண்டைக்குள் இருந்தது. விந்தை என்னவென்றால், அதே காலத்துச் சோனகரான சித்தி லெப்பை 1885-ல் தமிழில் 'அசன்பே சரித்திரம்' எழுதி, ஈழத்து நாவலைத் தொடங்கி வைத்திருந்தார். வாழும் மொழியை வம்ச வாதத்தால் கழற்றிவிட முடியவில்லை. தென்பாண்டிக் கடற்கரையில் அந்தச் சண்டை அவ்வளவு சூடு பிடிக்கவில்லை. வாப்பா, உம்மா, லாத்தா என்று அழைப்பவர்கள், தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று அன்றாட மார்க்கச் சொற்களைத் தமிழிலேயே வைத்துக்கொண்டவர்கள்.

அரபுத்தமிழ் தேய்ந்ததற்கு வெளிப்பகை எதுவும் காரணமில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், தமிழ் எழுத்து வீட்டுக்குள் வந்தது. பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையில் நல்ல தமிழில் மார்க்கம் பேசி ஆலிம்கள் சிலரின் கோபத்தைச் சம்பாதித்தார். அ.கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுக் குர்ஆன் மொழிபெயர்ப்பு தமிழ் எழுத்தில் வந்த பிறகு, ஆலிம் அல்லாதவர்களும் பொருளை நேரே படித்தார்கள். எட்டயபுரத்து வழியின் பொது எழுத்தும் காயல்பட்டினத்து வழியின் எளிய உரைநடையும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

விட்டுப்போனவை பழைய கல்லச்சு நூல்கள். அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுபவர் மூன்று இடத்தில் தேற வேண்டும்: அரபு எழுத்து, கடற்கரைப் பேச்சுத்தமிழ், மார்க்கக் கலைச்சொல். தமிழ்த் துறைக்கு முதலாவது தெரியாது, அரபுக் கல்லூரிக்கு இரண்டாவதில் அக்கறை இல்லை. பெயர்த்து எழுதுகிறேன் என்று பேச்சுவழக்கை இலக்கணத் தமிழாகத் திருத்திவிட்டால், அந்த நூல்களில் அரிதாக இருப்பதே போய்விடும். மூலப் பக்கத்தின் படம் ஒரு புறம், திருத்தாத எழுத்துப்பெயர்ப்பு மறுபுறம் என்று ஒரு பதிப்பு வந்தாலே போதும். உரைநடை வரலாற்றை எழுதுபவர்கள் இனிமேல் எழுத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லா அப்பாவின் பெயரிலேயே 1971 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தொடங்கலாம்.