தஞ்சோங் டாவாயில் ஓர் ஒலிப்பதிவு அறை: எந்தப் பஞ்சை வாங்குவது?

தஞ்சோங் டாவாய் படகுத்துறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்த வீடு. பின்பக்கத்து அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, மெல்லிய சிலிங், அதற்கு மேல் ஜிங்க் கூரை. என் உறவுக்காரத் தம்பி அதில் பாட்டுப் பதிவு செய்கிறான். தைப்பூசம் நெருங்கினால் சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங் பக்கமிருந்து உறுமி மேளப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

"அண்ணே, பாடறப்ப நல்லாத்தான் இருக்கு. போட்டுக் கேட்டா குடத்துக்குள்ள பாடின மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னான். போய்ப் பார்த்தேன். இணையக் கடை ஒன்றில் வாங்கிய ஓரங்குலக் கறுப்பு ஸ்பாஞ்சை நாலு சுவரிலும் ஒட்டி வைத்திருந்தான். பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. கையைத் தட்டினால் எதிரொலியும் இல்லை. ஆனால் உறுமியை ஒரு இழுப்பு இழுத்ததும் அறையே கூட முனகியது.

காரணம் எளிது. ஒலி காற்றில் அலையாக ஓடுகிறது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் வேகம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 செண்டிமீட்டர்; 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்றரை மீட்டர். சுவரை ஒட்டினாற்போல் காற்றுத் துகள்கள் அசைவதில்லை. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால்பங்கு தள்ளித்தான் அவை மிக வேகமாக அசைகின்றன. பஞ்சு அந்த அசைவைத்தான் உரசலால் வெப்பமாக்கித் தின்கிறது. ஓரங்குல ஸ்பாஞ்சு குரலின் 'ஸ', 'ச' ஓசைகளைத் தின்றுவிடும். 125 ஹெர்ட்ஸுக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உறிஞ்சும். தவிலின் தொப்பி, உறுமியின் இழுப்பு, ஆண்குரலின் அடித்தளம் எல்லாம் அப்படியே சுவரில் மோதித் திரும்பும். மேலோசை செத்து, அடியோசை மட்டும் மிஞ்சுகிற அறை வெறும் அறையைவிட மோசம். வெறும் அறையாவது எல்லாவற்றையும் சமமாகக் கெடுக்கும்.

அறையின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 48, 57, 64 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது தானே முனகும். நாங்கள் ரூம் இக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளையும் அளவு மைக் ஒன்றையும் வைத்து, படகு எஞ்சின்கள் அடங்கிய பின்னிரவில் அளந்தோம். முனகல் கணக்குச் சொன்ன இடங்களை ஒட்டியே வந்தது.

இரவில் அளப்பது பழைய வழக்கம். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியரை அனுப்பினார்கள். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். காலிக் கூடத்தில் அது ஐந்தரை நொடி. அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் போடுகிறார்கள்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம். (நம் பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டம் இருக்கிறது. இதைச் சொன்னதும் தோட்டத்துப் பையன் ஒருவன் கண் விரிந்ததை மறக்க முடியாது.)

இந்த அறை 30 கன மீட்டருக்குச் சற்று மேல். குரல் பதிவுக்கு 0.3 நொடி போதும் என்று வைத்தால் 16 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். நாற்காலி, ஆள், திரை எல்லாம் கொடுக்கிறதைக் கழித்தால் 600க்கு 1200 மில்லிமீட்டர் பலகை சுமார் 16 தேவை. ஸ்பாஞ்சு வாங்கும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

பிறகு பொருள்களை ஒவ்வொன்றாக முயன்றோம்.

முட்டைத் தட்டு: வேண்டாம். மெல்லிய காகிதக் கூழ். கரப்பான்பூச்சிக்குத்தான் வீடாகும்.

பாலியஸ்டர் ஃபெல்ட் பலகை: 9 மில்லிமீட்டர் தடிமனில் பல வண்ணங்களில் விற்கிறார்கள். அரிக்காது, கத்தியால் வெட்டலாம். ஆனால் அதுவும் மெல்லியதுதான். ஸ்பாஞ்சின் குறையே இதற்கும். அலங்காரத்துக்கு மேலுறையாகப் போடலாம்.

இலவம்பஞ்சை ஆசையோடு முயன்றேன். தோட்டத்து லயன் வீடுகளில் மெத்தையும் தலையணையும் அதில்தானே இருந்தன. இழையின் நடுவே குழல் இருப்பதால் ஒலியை நன்றாகவே உறிஞ்சியது. ஆனால் சட்டத்துக்குள் நிற்கவில்லை. சில வாரத்தில் கீழே இறங்கி மேற்பாதி காலியானது. தீப்பொறி பட்டால் கபகபவென்று பிடிக்கும். மனசில்லாமல் கழற்றினேன்.

தேங்காய் நாருக்கு நம் நாட்டில் ஆய்வே உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் தேங்காய் நார்ப் பலகையை ஒலி உறிஞ்சியாகச் சோதித்திருக்கிறார்கள். இழை பருமன் என்பதால் காற்று சுலபமாக நுழைந்து வெளியேறிவிடுகிறது. பஞ்சுக்கு ஈடான பலன் வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும். இடம் தாராளமாக உள்ளவர்கள் முயலலாம்.

கடைசியில் நின்றது ராக்வூல். பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு. ஹார்ட்வேர் கடையில் இல்லாவிட்டால் சிலிங் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை இரண்டிரண்டாக அடுக்கி நாலு அங்குலம் ஆக்கினோம். மரச்சட்டம் கட்டி, துணி போர்த்தி, சுவரிலிருந்து இன்னும் நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டோம். அந்த இடைவெளிக்குக் காசு இல்லை. ஆனால் அது அடியோசையில் செய்கிற வேலை பெரிது. அடர்த்தி கூடக்கூட நல்லது என்று நினைத்து 100 கிலோ வாங்காதீர்கள். தடித்த பலகையில் அது அடியோசையை உள்ளே விடாமல் திருப்பி அடிக்கும்.

கண்ணாடிப் பஞ்சும் ஏறக்குறைய இதே பலன் தரும், எடையும் குறைவு. இரண்டில் எது மலிவோ அதை வாங்கலாம். இரண்டும் தோலில் பட்டால் அரிக்கும். வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். புற்றுநோய் வரும் என்ற பயம் பலருக்கு உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இல் இவற்றைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது; 2001இல் மறு ஆய்வு செய்து, கட்டடக் காப்புப் பஞ்சுகளை அதிலிருந்து இறக்கி, வகைப்படுத்த ஆதாரம் போதாத மூன்றாம் பிரிவில் வைத்தது.

போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால் சரி. கடலோர ஊரில் சாதாரண ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும், துருப்பிடிக்காததை வாங்குங்கள். ஏர்கோன் போடுகிற அறையில் பலகைக்குப் பின்னால் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். கூரை ஒழுகினால் முதலில் ஒழுக்கை அடைத்துவிடுங்கள். நனைந்த பஞ்சு காய்வதற்குள் நாறிவிடும்.

இந்தப் பலகைகள் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்கு வேண்டியது கனம். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். மழை ஜிங்க் கூரையில் கொட்டும்போது எந்தப் பஞ்சும் தனியாக உதவாது. சிலிங்கை இரண்டடுக்கு ஜிப்சம் பலகையாக்கி மேலே ராக்வூல் பரப்ப வேண்டும். தம்பியிடம் அதற்குக் காசு இல்லை. மழை வந்தால் பதிவை நிறுத்திவிட்டு எடிட்டிங் செய்கிறான்.

ஸ்பாஞ்சைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் தி ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடை மத்தாப்பு சுவரில் இருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைப் பிடித்தது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் விடுதியிலும் அதே கதை, 242 பேர். நம் பிள்ளைகள் பதிவு தொடங்குமுன் சூடம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நல்ல வழக்கம், விட வேண்டாம். ஆனால் ஸ்பாஞ்சு ஒட்டிய அறைக்குள் ஏற்றாதீர்கள், வாசலில் ஏற்றுங்கள். ராக்வூல் எரியாது. நான் அதன் பக்கம் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

16 பலகைக்குப் பணம் இல்லையென்றால் ஆறு பலகையில் தொடங்குங்கள். நாலு மூலைக்கு நாலு. இரண்டடிப் பலகையை மூலையில் குறுக்காக நிறுத்தினால் பின்னால் ஓரடி ஆழம் கிடைக்கும். அடியோசை அங்கேதான் குவிகிறது. மற்ற இரண்டை மைக்குக்கு முன்னால் நிற்கும் பாடகரின் முதுகுப் பக்கமும் பக்கவாட்டிலும் வையுங்கள். ஓரங்குல ஸ்பாஞ்சுக்கு வைத்திருக்கும் பணத்தை மீதிப் பலகைகள் வாங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.