எப்பங்க நிக்குது?

பானெட்டைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் போய் நின்றார். பீடியை அணைத்தார். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது; பையனைப் பார்த்துத் தலையை அசைத்தார், அவன் ஓடிப்போய் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தான். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எப்பங்க நிக்குது?"

சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். 'டிக் டிக்'கா, 'டொக் டொக்'கா, நடுவில் ஒரு 'ச்' வருகிறதா என்று வாயால் போட்டுப் பார்த்து, பின்சீட்டில் இருந்த மகள் சிரித்ததுதான் மிச்சம். அவர் அதைக் கேட்கவில்லை. சத்தம் எப்போது வருகிறது என்றும் கேட்கவில்லை. எப்போது நிற்கிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை நுட்பம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அன்றும் மறுநாள் காலையும் அவர் பக்கத்திலேயே நின்றபோதுதான் எனக்குப் பிரிந்தது.

வண்டி பழைய அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த வம்சம். 2014 மே மாதத்தோடு அங்கே தயாரிப்பு நின்றுபோனது. எங்களுடையதில் இருப்பது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றும் 73 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர். அகலத்தைவிட ஓட்டம் நீளம் என்பதால் அவசரப்படாத இன்ஜின். பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் விழும். கோளாறு என்றால் விளக்கைக் காட்டும் கணினி இதில் கிடையாது. சொல்ல வேண்டியதை எல்லாம் சத்தமாகவே சொல்லியாக வேண்டிய வண்டி.

அந்தச் சத்தத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஸ்லோ ஸ்பீடில் விட்டால் கிராங்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 சுற்று, அதாவது நொடிக்குப் பத்து. கேம் ஷாஃப்ட் அதில் சரிபாதிதான் சுற்றும், நொடிக்கு ஐந்து. ஆகவே அடியில் கிராங்கோடு ஒட்டிய பாகம் சுற்றுக்கு ஒரு முறை குரல் கொடுத்தால், மேலே வால்வோடு ஒட்டிய பாகம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை குரல் கொடுக்கும். ஒரே உருப்படியை முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் சேர்த்து வாசிப்பது போலத்தான். நொடிக்குப் பத்தா ஐந்தா என்று யாரும் எண்ண முடியாது, எண்ணவும் வேண்டாம். அண்ணனின் வலது கால் பெருவிரல் செருப்புக்குள் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. "மேல் சவுண்டுதானுங்க. அடியில ஒண்ணும் இல்லை" என்றார். பானெட் இன்னும் திறக்கப்படவில்லை.

பொள்ளாச்சியில் இதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. தேங்காயைச் சுண்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லும் விரல்கள் நிறைந்த ஊர் இது. ஆனால் தேங்காய்க்குச் சொல்ல ஒரு சேதிதான் உண்டு. இன்ஜின் ஒரே நேரத்தில் ஐம்பது சேதி சொல்கிறது. அதற்குள் கேளாத ஒன்றைத் தேடுவதைவிட, கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்திப் பார்ப்பது சுலபம். அவருடைய வித்தை முழுக்க அந்த நிறுத்தத்தில் இருந்தது.

பானெட்டைத் திறந்ததும் நீளமான திருப்புளி ஒன்றை எடுத்தார். முனையை டைனமோ உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். பிறகு வாட்டர் பம்ப், டைமிங் செயின் மூடி, ராக்கர் மூடி. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அதற்குச் சித்தப்பா முறை இந்தத் திருப்புளி. காற்று வழியே வரும் சத்தங்கள் பின்னுக்குப் போய், தொட்ட இடத்தின் சத்தம் மட்டும் எலும்பு வழியே நேராக ஏறுகிறது. ஆனாலும் அதை அவர் முழுக்க நம்பவில்லை. இரும்பு, சத்தத்தைச் சுமந்துகொண்டு போய் வேறு வீட்டு வாசலில் இறக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். திருப்புளி சந்தேகத்தைத்தான் சொல்லும். சாட்சிக்கு அந்தப் பழைய கேள்வியே வர வேண்டும்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட விட்டார். டைனமோ, தண்ணீர் பம்ப், ஃபேன் மூன்றும் ஒரே வீச்சில் வழக்கிலிருந்து விடுதலை. டிக்டிக் அப்படியே இருந்தது. பெல்ட்டே கிறீச்சிட்டால் அதற்கும் ஒரு சோதனை உண்டாம்: ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கினால் பெல்ட்டின் மேற்பரப்போ அதன் நேர்க்கோடோ கெட்டிருக்கிறது. இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஒரு கைத் தண்ணீர், இரண்டு தீர்ப்பு.

அடுத்து ராக்கர் மூடி. எட்டு வால்வு, எட்டு ராக்கர், ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து. இந்தச் சந்து அதிகமானால் தட்டும். சந்தே இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுக்க உட்காராது, உட்கார்ந்தால்தான் அதன் சூடு இறங்கும் என்பதால் நாளடைவில் கருகிப்போகும். "டேப்பட் கொஞ்சம் பேசோணுமுங்க. பேசாத டேப்பட்டுக்குத்தான் பயப்படோணும்" என்றார். இன்ஜினை ஓடவிட்டு, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகினார். எந்த ராக்கரில் தகடு போனதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எட்டிலும் செருகினார். எதிலும் நிற்கவில்லை.

அந்த வேலையிலேயே இன்னொரு நயம் ஒளிந்திருந்தது. பழைய ராக்கரின் முனை தேய்ந்து நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும். தகடு நேராக இருப்பதால் குழியின் இரு கரைகளில் பாலம்போல் உட்கார்ந்து, சந்து சரி என்று பொய் சொல்லும். கையேட்டின்படி சரியாக வைத்த டேப்பட்டும் தட்டுவது இதனால்தான். அவர் தகட்டை நம்பாமல் நகத்தால் ஒவ்வொரு முனையையும் வருடிப் பார்த்தார்.

இன்ஜினை நிறுத்திச் சந்தை அளக்கும் முறையைப் பையனுக்குச் சொன்னார். ஒன்றாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைப் பார். மூன்று திறந்திருந்தால் ஆறு. ஐந்து என்றால் நான்கு. திறந்திருப்பதையும் பார்க்க வேண்டியதையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. எழுதி வைக்கத் தேவையில்லாத வாய்ப்பாடு. பையன் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

அடியில் குற்றமில்லை என்று முன்பே சொன்னவர், நான் பயப்படுவதைப் பார்த்து அதையும் மெய்ப்பித்தார். பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் கனமான 'டொக்' கேட்கும். இன்ஜினை முழுக்க இறக்க வேண்டிய செலவு. காய்ந்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒயர் இல்லாத சிலிண்டரில் பொறி விழாது; பொறி விழாவிட்டால் பிஸ்டன் தலையில் அடி விழாது; அடி விழாவிட்டால் பேரிங்கில் இருக்கும் முடியளவு இடைவெளி ஓங்கி மோதாது. ஆகவே எந்த ஒயரைக் கழற்றும்போது அந்த 'டொக்' தணிகிறதோ அந்த சிலிண்டரில் நோய். இன்ஜினைத் திறக்காமலே, நாலு அறையில் எந்த அறையில் அழுகிறார்கள் என்று வெளியிலிருந்தே கண்டுகொள்கிற முறை இது. இவ்வளவு அழகான சோதனை, ஒரு நயா பைசா செலவில்லாமல்! எங்கள் வண்டியில் அப்படி எந்த 'டொக்'கும் இல்லை என்பது நாலு முறையும் உறுதியானது.

பிறகு அவர் சொல்லச் சொல்ல, அந்தக் கேள்வி ஒரு அகராதியாகவே விரிந்தது. கிளட்சை மிதித்தால் நிற்கும் இரைச்சல் கியர் பாக்ஸ் பேரிங்குக்குச் சொந்தம். மிதித்தால் தொடங்குவது திரஸ்ட் பேரிங்குக்குச் சொந்தம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வந்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றால் அது உறுப்புகளின் தேய்மானம் இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் ஒரு மூலையில் தானாகவே வெடிக்கிறது. பொறி முந்தி விழுகிறதா, கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டாணிச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே இன்றைய இன்ஜின்களில் ஒரு காது உண்டு. நாக் சென்சார் என்ற அந்தச் சிறு வில்லை இன்ஜினின் உடம்பில் முடுக்கப்பட்டு, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வுக்காகக் காத்திருக்கும். அதிலும் கணினி எல்லா நேரமும் காது கொடுப்பதில்லை. பொறி விழுந்ததை ஒட்டிய ஒரு சிறு இடைவெளியில் மட்டும் கேட்டுவிட்டு, மற்ற நேரம் காதை மூடிக்கொள்கிறது. எப்படிப்பட்ட சத்தம் என்பதோடு எந்த நேரத்துச் சத்தம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கணினிக்கும் சொல்லித்தான் தர வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் நான் சொன்ன ஒரே உருப்படியான பதில், "காலையில எடுக்கும்போது வருதுண்ணா. ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா இல்லாமப் போயிருது" என்பதுதான். அதைச் சொல்லி முடிக்கும்போதே டிக்டிக் தேய்ந்து காணாமல் போயிருந்தது. இன்ஜின் சூடேறிவிட்டது. அவர் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ராத்திரி இங்கயே நிக்கட்டுமுங்க. காலையில ஆறு மணிக்கு வாங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார். கடைசி வாக்கியம் பையனுக்கு.

சூடானால் நிற்கும் சத்தம் இரண்டு. ஒன்று, பிஸ்டன் தளர்ந்து சிலிண்டர் சுவரில் சாய்ந்து அடிப்பது. அலுமினியப் பிஸ்டன் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால் சூடேறினால் இடைவெளி குறைந்து அடங்கிவிடும். இன்னொன்று என்ன என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பனி ஈரம் பானெட்டில் காயாமல் இருந்தது. ஸ்டார்ட் ஆனதும் டிக்டிக் தெளிவாக வந்தது. அவர் திருப்புளியைக் கையில் எடுத்து, அரை நொடி நின்று, கீழே வைத்துவிட்டார். சுவரில் தொங்கிய ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டார். மறுமுனை இன்ஜினின் பக்கவாட்டில், ஒரு சாண் உயரத்தில், எதையும் தொடாமல் ஊர்ந்தது. இரும்பின் சத்தத்துக்கு இரும்பு. காற்றின் சத்தத்துக்குக் குழாய். கருவியை மாற்றிய அந்த அரை நொடியில்தான் அவர் நோயைக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். மற்றது சரிபார்த்தல்.

குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசிக் கிளைக்குப் பக்கத்தில் நின்றது. என் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி வைத்தார். உள்ளங்கையில், குழந்தை தூக்கத்தில் ஊதுவதுபோல், ஒழுங்காக, சின்னச் சின்ன வெதுவெதுப்பு.

"இது அடி இல்லைங்க. மூச்சு."

டார்ச்சைக் காட்டினார். மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் மெல்லிய கரிக்கோடு. நட்டுகள் தளர்ந்து, பேக்கிங் ஒரு ஓரத்தில் எரிந்து, அந்தப் பிளவு வழியே புகை துள்ளித் துள்ளி வெளியேறியிருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை திறப்பதால் டேப்பட்டின் அதே காலத்தில் தட்டியிருக்கிறது. சூடேறியதும் இரும்பு விரிந்து பிளவு தானே மூடிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் அந்த நட்டுகளை முடுக்கிப் பார்க்காதது என் சோம்பல். நான் இரும்பு மோதுகிறது என்று நடுங்கிய இடத்தில், இரண்டு இரும்புகள் சரியாகச் சேராததுதான் விஷயம்.

மதியத்துக்குள் புதுப் பேக்கிங் போட்டு, நட்டுகளைச் சீராக முடுக்கி, ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறை முடுக்கினார். மாலையில் ஆறிய இன்ஜினை அவரே ஸ்டார்ட் பண்ணினார். டிக்டிக் இல்லை. நான் வேப்பமரத்தடியில் அவர் நின்ற இடத்திலேயே போய் நின்று கேட்டேன். அதுவரை அந்தச் சத்தத்தின் கீழே மூழ்கியிருந்த இன்னொன்று இப்போது மெல்ல மேலே வந்தது. தூரத்துத் தறியிலிருந்து கேட்பதுபோல் நைந்த, சீரான ஒரு கிசுகிசுப்பு.

"அண்ணா, இது எப்ப நிக்கும்?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அது நிக்கக் கூடாதுங்க."